கழுதையின் பத்து ஏக்கர்

ஒரு கழுதைக்குப் பத்து ஏக்கர் பொட்டல் நிலம் இருந்தது. கள்ளியைத் தவிர அங்கே எதுவும் முளைக்காது. வெயில் மட்டும்தான் குறைவில்லாமல் விளைந்தது. அதையாவது விற்போம் என்று, நிலம் முழுக்க சோலார் பேனல் போட அனுமதி கேட்டு, பஞ்சாயத்துத் தலைவரான மயிலிடம் கழுதை மனுவோடு போனது.

மயில் மனுவைப் படித்துவிட்டுத் தோகையைச் சிலுப்பியது. "பெரிய அளவுல பேனல் போடக் கூடாதுன்னு போன வாரம்தான் தீர்மானம் போட்டோம். விளைநிலம் பாழாயிடுமே!"

"எதுங்க விளைநிலம்? போன வருஷம் வாய்க்கால் தண்ணி கேட்டு வந்தப்போ, தரிசுக்குத் தண்ணி கிடையாதுன்னு விரட்டினது நீங்கதானே?"

"அது பாசன ரிஜிஸ்டர். அதுல தரிசு. இது அனுமதி ரிஜிஸ்டர். இதுல விளைநிலம்."

"அப்போ விளைநிலத்துக்குத் தண்ணி விடுங்க."

"தண்ணின்னா மறுபடி பாசன ரிஜிஸ்டர்தான் பார்க்கணும். அதோட, என் மரத்துல இருந்து பார்த்தா உன் கள்ளிப்பூ எவ்வளவு அழகு தெரியுமா? அதை மூடலாமா?"

கழுதையின் காதுகள் விறைத்தன. "ரெண்டு ரிஜிஸ்டர்லயும் என்னை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

மயில் இரண்டையும் புரட்டிப் பார்த்தது. "ரெண்டுலயும் ஒண்ணுதான். உரிமையாளர்."

கழுதை திரும்பி நின்றது. பின்னங்கால்கள் ரிஜிஸ்டர்கள் இருந்த மேஜைக்கு நேராக உயர்ந்த பிறகுதான், அது வீட்டுக்குப் போகத் திரும்பவில்லை என்று மயிலுக்குப் புரிந்தது.