ஜிம்மியின் காலைச் சோறு

“ஜிம்மிக்கும் இன்னிக்கு விரதமாப்பா?”

ஆடிக் கிருத்திகையன்று காலையில், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த சாமித்துரையிடம் மகள் சுதாராணி கேட்டாள்.

“ஆமாட்டி. உங்கப்பனை விடப் பெரிய முருக பக்தன்லா அவன்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாயின் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி, வழக்கமான மூன்று யூனிட் இன்சுலினைப் போட்டு முடித்தார்.

ஜிம்மிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்து ஏழு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் சோறு வைப்பது மனைவி வள்ளித்தாய். ஊசி போடுவது அவர். ஒருநாளும் நேரம் தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கிருத்திகையன்று சாயங்காலப் பூஜை முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சுதாராணிக்கு மட்டும் பாலும் பழமும். அவளைக் கூட்டிக்கொண்டு வள்ளித்தாய் எட்டு மணி பஸ்ஸில் கழுகுமலைக்குப் போனாள். சாமித்துரை கடையைத் திறக்காமல் பூஜையில் உட்கார்ந்தார்.

பத்தரை மணிக்குத் துணி துவைக்க வந்த இசக்கியம்மாள் புறவாசலிலிருந்து கத்தினாள்.

“அண்ணாச்சி, ஓடி வாங்க! நாய்க்கு வெட்டு வருது!”

ஜிம்மி ஒருக்களித்துக் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

“காலைல சோறு வச்சியளா?”

சாமித்துரை நாயின் காலித் தட்டைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் அதற்குள் வீட்டுக்குள் ஓடியிருந்தாள். அவளுடைய அம்மைக்கும் சர்க்கரை. சாப்பிடாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை அவள் கண்ணால் பார்த்தவள். சாமி படத்துக்கு முன்னால் தட்டில் குவித்திருந்த சீனியை அப்படியே அள்ளினாள்.

“ஏ இசக்கி, அது சாமிக்கு வச்சது!”

அந்த நேரத்திலும் அவர் வாயில் அதுதான் வந்தது.

“சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

சீனியைத் தண்ணீரில் குழைத்தாள். வாய்க்குள் ஊற்றவில்லை. உதட்டை விலக்கி, பல் படாமல், ஈறில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

இழுப்பு அடங்கியது. சிறிது நேரத்தில் ஜிம்மியின் நாக்கு வெளியே வந்து அவள் விரலை நக்கியது.

போனில் மாட்டு டாக்டர் ஒன்றும் ஏசவில்லை. நாய் நன்றாக முழித்ததும் இரண்டு வாய் சாப்பாடு கொடுத்து உடனே தூக்கி வரச் சொன்னார். தான் பார்க்காமல் சாயங்கால ஊசியைப் போட வேண்டாம் என்றார். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது சாமித்துரைக்கு.

இசக்கியம்மாள் ஆட்டோ பிடிக்கப் போனாள். வீட்டில் அவரும் நாயும் மட்டும்.

தீப்பெட்டிக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார். ஒரு மாத்திரை விரலில் தட்டுப்பட்டது.

அவருடைய சர்க்கரை மாத்திரை.

விரத நாளில் வெறும் வயிற்றில் இதைப் போட்டால் மயக்கம் வரும் என்று அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அதை மறக்காமல் எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்.

தனக்கு மறக்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு பிடி ரவையைத் தண்ணீரில் கிண்டி, ஊதி ஊதி ஆற்றி, உள்ளங்கையில் ஏந்தினார். ஜிம்மி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றார். பத்தொன்பது வருஷத்து விரதம் தொண்டைக்குள் இறங்கியது.

பிறகு ஜிம்மி தின்றது. கையை நக்கி, இன்னும் கேட்டது. கொடுத்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாமித்துரை வேட்டி நுனியால் நாயின் வாயைத் துடைத்தார். தன் வாயைத் துடைக்கவில்லை.