தண்டவாளத்துக்குக் கீழே ஒரு வாக்கிங்

பொக்லைன் இயந்திரத்துக்கு நேர் எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மா. மடியில் தட்டு. தட்டில் பாதி உரித்த பூண்டு.

"மண்ணை வெட்டறதுன்னா முதல்ல என்னை வெட்டிட்டு வெட்டுங்க."

புது ரயில் பாதை போட வந்த பொறியாளருக்குத் தலை சுற்றியது. வயல்களுக்கு நடுவே மரநிழலில் வளைந்து வளைந்து போகும் நடைபாதை அது. காலை நடைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் அதில்தான் போவார்கள். இப்போது தண்டவாளம் அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் வேலி.

வேலி போட்ட அன்று கோஷம் போட்ட கூட்டம் ஒரே வாரத்தில் கலைந்துவிட்டது. சைக்கிள்காரர்கள் நெடுஞ்சாலைக்குப் போய் லாரிப் புகையைக் குடித்தார்கள். நடைக்காரர்களில் பாதிப் பேர், இதுதான் சாக்கு என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். இந்த அம்மா மட்டும் நகரவில்லை.

"நீங்க இங்க வாக்கிங் வருவீங்களாம்மா?"

"நானா? தெருமுனைக் கடைக்கே ஆட்டோலதான் போவேன். நடக்கறது எங்க வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒருநாள் தவறினதில்லை."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி உருகிப்போனார். "புருஷன்மேல எவ்வளவு பாசம் பாருங்க சார். என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே."

பொறியாளர் அவரை டீ குடிக்க அனுப்பினார்.

"அவர் உடம்பு நல்லா இருக்கணும்னுதானே இவ்வளவும்?"

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தணிக்கை ஆபீஸ்ல இருந்தவர் தம்பி. உத்தியோகம் போச்சு, தணிக்கை போகலை. வெங்காயத்தை ஏன் பெருசா நறுக்கினே, குழாயை ஏன் இவ்வளவு திறந்தே, துடைப்பத்தை ஏன் இந்தப் பக்கம் சாய்ச்சே... பாதையை நீங்க மூடினதுலேர்ந்து மனுஷன் வீட்டை விட்டு நகரலை. நேத்து நான் தும்மினதுக்குக் காரணம் கேட்டார்."

பொறியாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

"காலைல அவர் வெளியே போற அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் மூச்சு விடறது. அவருக்கு அது நடைபாதை, எனக்கு ஆக்சிஜன். வெளியே சொல்லிடாதீங்க. பாசம்னே இருந்துட்டுப் போகட்டும்."

பொறியாளர் வீட்டில் ஒரு மாமனார் இருந்தார். அதனால் விஷயம் சட்டென்று புரிந்தது.

மழைத்தண்ணீர் வடிய அங்கே தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சின்னப் பாலம் எப்படியும் கட்டியாக வேண்டும். அதையே ஆள் குனியாமல் போகிற மாதிரி உயர்த்தி, ஓரமாக நடக்க ஒரு மேடை வைத்தால் போச்சு. மேலதிகாரியிடம் போய் நின்றார். திட்டு வாங்கினார். மறுபடியும் போய் நின்றார். ஒருவழியாக அனுமதி கிடைத்தது.

பாதை திறந்த மறுநாள் காலை, தன் கைவேலையை ரசிக்கப் போனார். பாலத்தைத் தாண்டியதும் முதல் வளைவிலேயே ஒரு மரம். அதன் அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர்.

"பாலத்துச் சுவர்ல பூச்சு கொஞ்சம் கோணல்" என்றார், அறிமுகமே இல்லாமல்.

யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நடக்கலையா சார்?"

"எங்கே நடக்கறது? முட்டி தேஞ்சு வருஷக்கணக்காச்சு. நடக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். வீட்டுல தெரியாது. வந்து இப்படியே உட்கார்ந்துட்டு, நேரமானதும் கிளம்பிடுவேன்."

"இவ்வளவு வலியோட இங்க வரைக்கும் எதுக்கு சார் வரணும்? வீட்டுலயே காலை நீட்டிச் சாஞ்சு உட்காரலாமே."

பெரியவர் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டார்.

"வீட்டுல இருந்தா என் வாய் சும்மா இருக்காது தம்பி. அடக்கிப் பார்த்துட்டேன், முடியலை. பாவம், அவளும் எவ்வளவுதான் கேட்பா? இந்த வாக்கிங் என் காலுக்கு இல்லை, அவ காதுக்கு."