பின்பாட்டு

ஆகஸ்ட் வெயில் தேவாலயத்துக்குள் சாய்ந்து விழ, பெஞ்சுகளில் காகித விசிறிகள் அசைகின்றன. வெள்ளைக்காரர்கள் மட்டுமே பாடிவந்த ஓபரா மேடையில் முதல் கறுப்புப் பெண்ணாகப் பாடிவிட்டு, ஊர் திரும்பியிருக்கும் லவீனியா, பாடகர் குழுவில் என்னை இடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"தள்ளி நில்லுடி ஒசெல்லா, நல்லா பெருத்துட்ட."

"உனக்குத்தான் முன்னால மெத்தை நாற்காலி போட்டிருக்காங்களே, மகாராணி."

"அங்க எனக்கு யாருடி பேச்சுத்துணை?"

எங்கள் சபையில் யாரும் தனியாகப் பாடுவதில்லை. ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால், மறு அடியைச் சபையே வாங்கிப் பாடும்; பலகைத் தரை கால் தாளத்தில் அதிரும். இன்று சபையின் மூத்த ஊழியரான டீக்கன் ரூஃபஸ் லவீனியாவைப் பார்த்து, "நீ எடுத்துக் குடும்மா" என்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியைப் பாடுகிறாள். குரல் கூரைவரை எழுந்து, நிறைந்து, இறங்கி முடிகிறது. மறு அடி வரவில்லை. விசிறிகள் நின்றுவிட்டன. ஒரு கால்கூடத் தரையைத் தட்டவில்லை. நான் வாயைத் திறக்கிறேன்; அந்தக் குரலுக்குப் பக்கத்தில் என் குரலை வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

லவீனியா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கிறாள். "பாடுங்களேன்..."

"நீ பாடு தாயி, நாங்க கேக்கறோம்" என்கிறார் டீக்கன், கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி.

அவள் விரல்கள் என் அங்கிக் கையை இறுகப் பற்றுகின்றன. மறு அடியையும் அவளே பாடுகிறாள்.