சென்ட் அடித்த நடை

"சுகர் பார்டர்ல நிக்குது. தினமும் நடக்கலேன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் சொன்ன மறுநாளே, சௌந்தரராஜன் சென்ட் அடித்துக்கொண்டு நடைக்குக் கிளம்பினார்.

நடைக்கு எதுக்கு சென்ட்? அவர் மனைவி பவளம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

சிப்காட் ரோடு வந்ததும் மனுஷர் போனைக் காதில் வைத்துக் கன்னடத்தில் குழைய ஆரம்பித்தார். மதுரையிலிருந்து ஓசூருக்கு வாழவந்த பவளத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகவே புரிந்தது.

'எவ அவ? இன்னைக்கு வராட்டி நாளைக்கு வராமலா போயிடுவா?'

தினமும் லாரிக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஏரிக்கரை வரை போவாள். பிறகு குறுக்கு வழியில் ஓடி, அவருக்கு முன்னால் வீடு சேர்ந்து, ஒன்றும் தெரியாதவள் போலக் காபி கலப்பாள். எவளும் வந்தபாடில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் முகம் மலர்ந்தார். "சுகர் நார்மல்! நடக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சீங்களே பவளம், எப்படிம்மா குறைச்சீங்க?"

பவளம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கெஞ்சிப் பார்த்தேன் டாக்டர், அசையல. அதான் சென்ட் வாங்கினேன்" என்றார் சௌந்தரராஜன்.

"அப்ப அந்தக் கன்னடக்காரி?"

"யாருமில்ல. கம்பெனி மெஷின்ல கன்னடத்துல ஒட்டியிருக்கே, 'கையை உள்ளே விடாதே'ன்னு, அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச கன்னடமே அவ்வளவுதான்."

"அதுக்கா அப்படிச் சிரிச்சீங்க?"

"அது, நீ லாரிக்குப் பின்னால ஒளிஞ்ச அழகைப் பார்த்து!"