கழுவாத பாத்திரங்கள்

“இதையெல்லாம் ஒரு படம்னு மாட்டி வெச்சிருக்காங்களே! கேக்க ஆளே இல்லையா?”

மியூசியம் முழுக்க அவர் குரல்தான். நடைபாதையில் துணி விற்கிறவர். கடைத்தெருவில் அவருக்கு ‘வெண்கலத் தொண்டை’ என்றே பேர்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மெதுவாப் பேசுங்க. உங்க தங்கச்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கா.”

“எனக்கு யாரு தங்கச்சி?”

தங்கை மகள் கல்யாணத்தில், குடும்பமாகப் போட்டோ எடுத்தபோது இவரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பெண்கள் வரைந்த ஓவியங்களின் கண்காட்சி அது. பேர் வாங்கியவர்களுக்கெல்லாம் நடு ஹால். தங்கை படத்துக்குக் கிடைத்ததோ, கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மூலை.

முந்தின நாள் போனில் அழுதாள். “ஒருத்தர்கூட நின்னு பார்க்கலை அண்ணி. நாளையோட முடியுது. இனிமே பிரஷ்ஷைத் தொட மாட்டேன்.”

அழுகை இவர் காதிலும் விழுந்தது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆனால் காலையில் மனைவியும் மகளும் கிளம்பும்போது, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். “நானும் வரேன்.”

கோபம் தணிந்துவிட்டது என்று மனைவி நினைத்தாள். இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாலு எச்சில் தட்டு, கரி பிடிச்ச ஒரு சட்டி. இதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம்? எங்க வீட்டுத் தொட்டியில தினமும் கிடக்குதே!”

“அப்பா, போதும்ப்பா” என்றாள் மகள்.

நடு ஹாலில் இருந்தவர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். காவலாளியும் ஓடி வந்தார்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “தினமும் கிடக்குதுங்கிறீங்களே, யாரு கழுவுறா?”

“வேற யாரு? வீட்டுக்காரிதான்.”

“ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கீங்களா?”

“அதுல பார்க்க என்ன இருக்கு?”

“அப்படி நீங்க பார்க்காததைத்தான்யா இந்தப் பொண்ணு வரைஞ்சிருக்கா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“தொட்டி ஓரத்துல வளையலைக் கழட்டி வெச்சிருக்கு பாருங்க” என்றாள் ஒருத்தி.

“தண்ணியில வெளிச்சம் விழுந்திருக்கே, அடடா!” என்றார் இன்னொருவர். “யாருங்க வரைஞ்சது?”

மூலை நாற்காலியிலிருந்து தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நான்தான்.”

அவ்வளவுதான். ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேள்வி மேல் கேள்வி. யாரோ அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். தங்கை சிரித்த சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது.

அவர் சத்தமில்லாமல் நழுவி, வாசல் படியில் போய் உட்கார்ந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

“மானத்தை வாங்கிட்டீங்களே! கூடப் பிறந்தவளை நாலு பேர் முன்னால இப்படியா?”

“நம்ம கடைக்கு ஒரு ஈ காக்கா வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“பக்கத்துக் கடை செருப்புக்காரரை விட்டு, ‘இதெல்லாம் ஒரு துணியா?’ன்னு சண்டை போடச் சொல்வீங்க. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அப்புறம்...”

மனைவி சட்டென்று ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து தங்கையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“இங்கே செருப்புக்காரர் இல்லையே, நானே போட்டேன்” என்றார் அவர். “அவகிட்ட சொல்லித் தொலைக்காதே. அந்தப் போட்டோ விஷயம் இன்னும் தீரலை.”