மாமனார் செத்த லீவு

செத்துப்போன சாமிக்கண்ணு ஏரிக்கரை மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் புளிச்சோறு கேட்டார். மகள் அம்சவல்லி சிரித்துக்கொண்டே அவர் இலையில் வைத்தாள்.

அவரைக் கொன்றது மாப்பிள்ளை பழனிவேல். நெய்வேலி மைன்ஸில் அவனுடைய போர்மேன் வைத்திலிங்கம், காய்ச்சல், கல்யாணம் எதற்கும் லீவு தரமாட்டார். சாவு என்றால் மட்டும் மனசு இளகும். அதனால், குறிஞ்சிப்பாடியில் மாமனார் போய்விட்டார் என்று நேற்று சாயங்காலம் அவர் முன்னால் மூக்கைச் சிந்திவிட்டு வந்திருந்தான்.

முந்தாநாள் மகளைப் பார்க்க நெய்வேலிக்கு வந்த சாமிக்கண்ணுவுக்கு இதில் வருத்தமே இல்லை. "ஏரியில தோணி ஏத்திக் காட்டுறேன்னா, செத்துட்டுப் போறேன் மாப்ள," என்று பெரிய மனசோடு சம்மதித்துவிட்டார்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் குறிஞ்சிப்பாடி பஸ் வந்து ரோட்டோரம் நின்றது. இறங்கியவர் வைத்திலிங்கம்.

பழனிவேல் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்ட் கூலி. இந்த மாசம்தான் பெர்மனென்ட் ஆகிற பேச்சு. அதற்கும் இந்த மனுஷன்தான் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். பாழாய்ப்போன தோணி ஆசையில் பிழைப்பே போய்விடும் போலிருந்தது.

வைத்திலிங்கம் இவர்களைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டி சட்டையோடு ஏரியில் இறங்கி முங்கி முங்கி எழுந்தார். ஓகோ, இவரும் ஜாலியாகக் குளிக்க வந்தவர்தான் என்று பழனிவேலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறியவர் அவனைப் பார்த்துவிட்டார். நேரே வந்து எதிரில் நின்றார். காலையிலேயே எடுத்தாகிவிட்டது சார், தலை முழுக வந்தோம், இவர் மாமனாருக்கு அண்ணன் என்று பழனிவேல் மூச்சு விடாமல் அளந்தான். சாமிக்கண்ணுவும் தம்பிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோற்றுக் கையோடு துடைத்ததில் புளி பட்டு, நிஜமாகவே கண்ணீர் கொட்டியது.

வைத்திலிங்கம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நானும் முழுகத்தான் வந்தேன். குறிஞ்சிப்பாடியில நான் போய்த் துக்கம் கேட்டப்பதான் உங்க வீட்டுக்கே விஷயம் தெரிஞ்சுது. உங்க படத்துக்கு மாலை போட்டுட்டு வரேன். உங்க சம்சாரத்தை யாராலயும் தேத்த முடியல," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரம் போங்க பெரியவரே, வாசல்ல பாடை கட்டிகினு இருக்காங்க."