ஆள் இருக்கும் வீடு

"உங்க வீட்டுக்குள்ள தினமும் ஒருத்தி போயிட்டு வர்றா, முராசே சான். தெரியுமா?"

ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் நிஷிதா குரலைத் தாழ்த்தினார். மூன்று மாதங்களில் அவர் மருத்துவமனைப் பக்கம் வருவது இதுவே முதல் முறை.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த முராசே அன்று மாலைதான் வீடு திரும்பவிருந்தார்.

"யாரு?"

"பக்கத்து ரூம் ஒகினோதான், வேற யாரு! கட்டடத்துல நீங்க ரெண்டு பேர்தானே பாக்கி. காஸ் மீட்டர் பெட்டிக்குள்ள நீங்க ஒளிச்சு வச்ச சாவியை மோப்பம் பிடிச்சுட்டா."

"என் சாவியையா?"

"சாயங்காலமானா உங்க லைட்டு எரியுது. உங்க தபாலை அள்ளிட்டுப் போறா. நீங்க இங்க கஞ்சி குடிங்க, அவ அங்க உங்க கரண்டுல குளிர் காயட்டும்!"

முராசேயின் முகம் சிவந்தது.

"உங்க சட்டையைக்கூட விடலை. கொடியில தொங்குது. தனியா இருக்கிற பொம்பளைங்க திருடனுக்குப் பயந்து ஆம்பளைத் துணியைக் காயப்போடுவாங்க, சரி. அதுக்கு அடுத்தவர் சட்டையா?"

"எட்டு வருஷமா பக்கத்துல இருக்கா. நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஊமைக்கோட்டான்!" என்று பொருமினார் முராசே.

"அவளை நான் பாத்துக்கறேன்." நிஷிதா ஒரு தாளை நீட்டினார். "இதுல மட்டும் உங்க முத்திரையை வைங்க."

'அனுமதியின்றி என் வீட்டுக்குள் நுழைந்தார்' என்று தொடங்கியது அந்தத் தாள். மருத்துவமனைப் படிவங்களுக்காகக் கொண்டுவந்திருந்த பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, கையெழுத்துக்குப் பதிலாக முராசே அழுத்திப் பதித்தார். மீதியைப் படிக்கவில்லை.

மாலையில் கைத்தடியை ஊன்றி மாடியேறியபோது, ஒசாகாவின் குளிர்காலத் தூறல் திறந்த மாடி நடைபாதைவரை அடித்தது. ஒகினோவின் மெத்தையும் குக்கரும் துணிப்பைகளும் நடைபாதையில் நனைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா!" எழுந்து, அவருடைய சாவியையும் நூலால் கட்டிய தபால் கட்டையும் நீட்டினாள். "ஒண்ணையும் பிரிக்கலை."

"வெக்கமா இல்ல? ஆள் இல்லாத வீட்டுல புகுந்து…"

"ஆள் இல்லைன்னு ஆகிடக் கூடாதுன்னுதான்."

பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "போன மாசம் உங்க கதவுல ஒட்டியிருந்தது."

'இரண்டு மாதமாக விளக்கு எரியவில்லை. மீட்டர் ஓடவில்லை. தபால் குவிந்துள்ளது. வீடு கைவிடப்பட்டதாகக் கருதிப் பொருட்கள் அகற்றப்படும். நிஷிதா.'

முராசே இருமுறை படித்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்கார்னு சொன்னேன், காதுலயே வாங்கலை. கட்டடத்தையே காலி பண்ணப் பாக்கறார். மாநகராட்சி வார்டு ஆபீஸ்ல கேட்டேன். கோர்ட் உத்தரவு இல்லாம சாமானைத் தொடக் கூடாதுன்னாங்க. ஆனா நான் வேலைக்குப் போன நேரத்துல லாரி வந்துட்டா? அதான் லைட்டு போட்டேன், தபாலை எடுத்து வச்சேன். உங்க ரெண்டு சட்டையையே தினமும் நனைச்சு உங்க கொடியில போட்டேன். காலர் வெளுத்துப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

முராசே நனைந்த மெத்தையைப் பார்த்தார்.

"உங்க சாமான் ஏன் வெளியில கிடக்கு?"

"மத்தியானம் பூட்டை மாத்திட்டார். இதுவும் செல்லாதுதான். நாளைக்கு வார்டு ஆபீஸ் திறக்கட்டும், கேக்கறேன்." லேசாகச் சிரித்தாள். "யாரோ என்மேல புகார் எழுதிக் கொடுத்திருக்காங்களாம், அதை என் கதவுல ஒட்டிட்டுப் போயிருக்கார். என் கண்ணாடி எந்தப் பையில இருக்கோ தெரியலை. யாருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

'…எனவே அவரை உடனடியாக வெளியேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்த வரியின் கீழே, தூறல் பட்டுச் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது, முராசேயின் பெயர்.